இடது பக்கத்துக் கோப்பை

தம்பி,

கட்டாரிலிருந்து வந்து இறங்கியதும் பதுளையில் பஸ் மாறி நேரே மேலே நம் வீட்டுக்குப் போய்விடாதே. கல்யாணத்தன்று நிரோஷாவையும் அங்கே அழைத்துப் போக வேண்டாம். இதுதான் விஷயம், மற்றதெல்லாம் இதற்கு விளக்கம். முதலிலேயே சொல்லிவிட்டேன். எதையும் இழுத்து இழுத்து வைத்துக் கடைசியில் சொல்லாமலே விட்டுவிடுகிற ஆள் நான் என்று உனக்குத் தெரியும். இப்போது பதுளை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பூமணி சித்தி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால், "சும்மா பயப்படாதீங்கப்பா, நா வந்து பாத்துக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்வாய். அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தவன் மாதிரி நானும் சரி என்று விட்டுவிடுவேன். அதனால்தான் உன் சித்தி ஒரு கொப்பியை வாங்கிக் கையில் கொடுத்து, "எல்லாத்தையும் எழுதுங்க மச்சான், எழுதி முடிக்கிற வரைக்கும் சோறு கெடையாது" என்று சொல்லிவிட்டாள். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அவளே உனக்கு அனுப்புவாளாம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எல்லாம் நீ கொண்டுவந்த அந்த எஸ்பிரஸோ மிஷினில் தொடங்கியது. உன் முதலாளி வீட்டில் பாவித்துக் கழித்ததைக் கேட்டு வாங்கி, உடுப்புகளுக்கு நடுவில் பிள்ளையைச் சுற்றுவது போலச் சுற்றி, போன லீவுக்குக் கொண்டுவந்தாயே, அதுதான். அம்மாவுக்காகத்தான் கொண்டுவந்தாய். முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள், தேத்தண்ணியைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பாள். முன்பு நாம் இருந்த லயத்து வரிசைக்குப் பின்னால் நின்ற இரண்டு கோப்பிச் செடியில் பழம் பறித்து, காயவைத்து, வறுத்து இடித்துத்தான் அவள் குடிப்பாள். நீ போட்டுக் கொடுத்த முதல் கோப்பியை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் விழுங்காமலே நின்றாள். "நல்லா கசக்குது தம்பி, இன்னொரு வாய் குடு" என்றாள். நீ திரும்பிப் போன ஐந்தாம் மாதம் அவள் போய்விட்டாள். மிஷின்மேல் அவளுடைய துவாய் ஒன்றைப் போட்டு மூடினேன். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை.

வருடத் திதி முடிந்த மறுநாள் துவாயை எடுத்தேன். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், அடுப்பிலிருந்து முதலில் இறங்குவது படத்துக்கு, பிறகுதான் நமக்கு. அம்மா படத்துக்கு அவள் கோப்பியையே வைக்கலாம் என்று தோன்றியது. சுவிட்சைப் போட்டேன். மிஷின் உறுமியது, தண்ணீர் வரவில்லை. நாற்பது வருடம் தேயிலை பெக்டரியில் பிட்டராக இருந்தவனுக்கு இந்தச் சுண்டெலி ஒரு மிஷினா என்று கழற்ற உட்கார்ந்தேன். நீதான் போனில் தடுத்தாய். "அப்பா, மொதல்ல அந்த ஸ்க்ரூ டிரைவரக் கீழ வைங்க. பம்புக்குள்ள காத்து அடைச்சிருக்கு. நீராவிக் குழாயத் தெறந்து விட்டுட்டு ஓட விடுங்க" என்றாய். நான்கு முறை இருமிவிட்டுத் தண்ணீர் வந்தது. ஆனால் செந்நிறமாக வந்தது. உப்புப் படிந்திருக்கும், எலுமிச்சை உப்புப் போட்டு ஓட்டுங்கள் என்றாய். உப்பு வெள்ளையாக அல்லவா இருக்கும்? கோப்பி இறங்கும் இடத்துச் சல்லடையைக் கழற்றி விரலில் தேய்த்தேன். முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி அத்தனை நைசான செம்மண். மலை ஊற்றிலிருந்து குழாயில் நம் வீட்டுக்கு வரும் பீலித் தண்ணீரில் அப்படி ஒரு மண்ணை நான் பார்த்ததே இல்லை. குழாய் எங்கேயோ வெடித்திருக்கும் என்று நானாகவே சொல்லிக்கொண்டு, குழாய் வாயில் ஒரு துணியைக் கட்டினேன். நான்கு நாளைக்கு ஒரு தடவை துணி சிவக்கும். வெயில் அடித்த வாரத்திலும் சிவந்தது.

தண்ணீர் வழிக்கு வந்ததும் அடுத்த கோளாறு. கைப்பிடிக்குக் கீழே அதற்கு இரட்டை மூக்கு இருக்கிறதல்லவா? இடது மூக்குக்குக் கீழே அவள் கோப்பை, வலது மூக்குக்குக் கீழே என் கோப்பை வைத்தேன். அவள் கோப்பையில் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது. தூளை அழுத்தியது சரியில்லை என்று மறுபடி அழுத்தினேன். கைப்பிடியைக் கழுவிப் போட்டேன். அப்போதும் இடதுதான் கூட. பெக்டரியிலிருந்து ஓய்வு பெற்று வரும்போது கொண்டுவந்த ரசமட்டத்தை மிஷின் தலையில் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் தாழ்ந்திருந்தது. பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி இடது காலுக்குக் கீழே கொடுத்தேன், இரண்டு கோப்பையும் சமமானது. அன்றைக்கு மீசையை முறுக்கிக்கொண்டு உனக்குச் செய்தி அனுப்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது நாள்தான். பத்தாம் நாள் மறுபடி அவள் கோப்பை கூட. இன்னொரு அட்டை வைத்தேன். இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே கதை. மூன்றாவது தடவை தகரத்துண்டை வெட்டிக்கொண்டிருக்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது, தம்பி. நான் மட்டம் செய்கிறேன், யாரோ சாய்க்கிறார்கள். அதுவும் எப்போதும் அவள் பக்கமாகவே சாய்கிறது.

பேய் பிசாசு என்று யாராவது பேசினால் தோட்டம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தவன் நான். ஒரு பிட்டர் முதலில் என்ன செய்வான்? கோப்பைகளை மாற்றி வைத்துப் பார்ப்பான். என் கோப்பையை இடது பக்கம் வைத்து, அதிலும் கூடுதலாக விழுந்தால் கோளாறு மிஷினில், இல்லையென்றால் வேறெதிலோ. அந்தச் சின்னச் சோதனையை நான் செய்யவில்லை. கை இரண்டு மூன்று தடவை கோப்பை வரைக்கும் போனது, மாற்றி வைக்கவில்லை. மாற்றி வைத்தால் என்ன தெரியவரும் என்று எனக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ. கூடக் கேட்கிறாள், கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று விட்டேன். கோப்பை வழியப் பார்த்தால் மட்டும் ஒரு அட்டை வைப்பேன். வழியாதவரைக்கும் சாயட்டும் என்று விடுவேன். காலையில் அவள் கோப்பையை நிரப்பி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பேன். உன் கல்யாண நாள் குறித்ததும் அவளிடம்தான் முதலில் சொன்னேன். அந்த வாரம் பார்த்து நீ போனில் கேட்டாய், "மிஷின் நிக்கிற எடம் மட்டமாப்பா?" என்று. "தண்ணி மாதிரி மட்டம்" என்று சொன்னேன். அது பொய். இடம் மட்டம் இல்லை என்றால் அவள் அங்கே இல்லை என்று ஆகிவிடும், அதனால் சொன்ன பொய்.

பிறகுதான் கோப்பைகள் ஆடத் தொடங்கின. மிஷின் தலையில் கோப்பைகளைக் கவிழ்த்து வைக்க ஒரு தகரத் தட்டு இருக்கிறதே, அங்கே ஆறு கோப்பை கவிழ்த்திருந்தேன். ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. மிஷின் ஓடவில்லை, பிளக்கைக் கழற்றி வைத்திருந்தேன். கோப்பைகள் ஆறும் கிடுகிடுவென்று ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பத்து எண்ணும் நேரம் அப்படியே ஆடிவிட்டு நின்றன. வெளியே ஒரு குருவிச் சத்தம் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "இந்தா வைக்கிறேன் ராஜி, அவசரப்படாத" என்று சொல்லிவிட்டுப் பிளக்கைப் போட்டேன். பயம் இருந்தது. சந்தோஷமும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை ஆடும். ஆடியதும் ஓடிப்போய்க் கோப்பி போடுவேன்.

அவள் படமும் சும்மா இருக்கவில்லை. மிஷினுக்கு இடது பக்கச் சுவரில், அறைக் கதவின் நிலையை ஒட்டித்தானே மாட்டியிருக்கிறோம்? காலையில் பொட்டு வைக்கும்போது நிலையின் விளிம்பைப் பார்த்து நேராக்கி வைப்பேன். முகம் கழுவிவிட்டு வருவதற்குள் ஒரு விரல் அகலம் சாய்ந்திருக்கும். மிஷின் பக்கமாகத் தலையைச் சாய்த்து, கோப்பி இறங்கிவிட்டதா என்று எட்டிப் பார்ப்பது போல இருக்கும். நேராக்குவேன், மறுபடி சாய்வாள். அறைக் கதவும் தாழ்ப்பாள் போடாவிட்டால் தானாகத் திறந்துகொண்டு வரும், யாரோ உள்ளே இருந்து மெதுவாகத் தள்ளுவது போல. சுவரில் அங்கங்கே விரிசல் வந்தது. கல்யாண வீடாயிற்றே என்று சீமெந்து பூசி, நீ சொன்ன வெளிர்பச்சைப் பெயின்ட்டை அடித்தேன். உனக்கு அனுப்பிய படங்களில் சுவர் நேராகத் தெரிந்ததே, அது எப்படி என்று இப்போது சொல்கிறேன். எடுக்கும்போது போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். ஏன் அப்படிப் பிடித்தேன் என்று அன்றைக்கு என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்கழி பிறந்து, மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தபோது பூமணி வந்தாள், உன் கல்யாணத்துக்குப் பலகாரம் சுட. உன் சித்தியைப் பற்றி உனக்கே தெரியும், ஆனால் நிரோஷாவும் இதைப் படிப்பாள் என்பதால் எழுதுகிறேன். அம்மாவின் தங்கை. மீரியபெத்தையில் வாழ்ந்தவள். அங்கே மலை சரிந்த அன்று காலை வெளியே வேலைக்குப் போனதால் தப்பினாள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சித்தப்பாவும் இல்லை, வீடு எந்த இடத்தில் இருந்தது என்று காட்டக்கூட ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டில் தங்கினாலும் தலைமாட்டில் செருப்பும் கட்டின பையும் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். "சித்தி எப்பவும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரியே இருக்காங்க" என்று நீயும் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

உள்ளே வந்தவள் பையைக் கீழே வைக்கவில்லை. அறைக் கதவு தானாகத் திறந்து வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இது ஏன் மச்சான் தானா தெறக்குது?" என்றாள். மழைக்கு மரம் உப்பியிருக்கும் என்றேன். "உப்புனா இறுகும். தெறக்காது" என்றாள். பேச்சை மாற்ற, அவள் அக்காவின் அதிசயத்தைக் காட்டலாம் என்று மிஷினை ஓட்டினேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு கோப்பையும் நிரம்பி, இடது பக்கம் விளிம்பில் வந்து நின்றது. "பாத்தியா, ஒங்க அக்கா" என்றேன். அவள் கோப்பையைப் பார்க்கவே இல்லை. குனிந்து மிஷினின் காலைப் பார்த்தாள். "இது என்னாது?" என்று கேட்டு, மிஷினை ஒரு கையால் தூக்கி, அடியில் இருந்ததை உருவி மேசையில் ஒவ்வொன்றாக வைத்தாள். பிஸ்கட் அட்டை இரண்டு, தகரம் ஒன்று, உன் கல்யாணப் பத்திரிகை நான்கு. கூடுதலாக அச்சடித்து வந்தது வீட்டில் கிடந்தது, கனமான அட்டை, பாவித்துவிட்டேன். உன் பேரும் நிரோஷா பேரும் கோப்பி பட்டு ஊறியிருந்தன.

"கல்யாணப் பத்திரிகையையா மிஷினுக்கு முட்டுக் குடுத்தீங்க?"

"அக்கா கூடக் கேக்குறா பூமணி. நா எத்தன தடவ நிமித்தினாலும்..."

"எங்க அக்கா உசிரோட இருந்தப்ப ஒங்ககிட்ட எதையாவது கேட்ருக்காளா மச்சான்? ஒரு நாளாவது? கேக்குற ஆளா அவ?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பீலித் தண்ணி கலங்குதா?" என்று கேட்டாள். குழாயில் கட்டியிருந்த துணியைக் காட்டினேன். "மழ இல்லாத நாள்லயும்?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் முகம் எப்படிப் போனது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பி, சாய்ந்திருந்த படத்தை நேராக்கக் கையை நீட்டினேன். என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். "படத்தத் தொடாதீங்க. படம் நேராத்தான் இருக்கு" என்றாள். ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்ட படம், தம்பி. தூக்குக் குண்டு போலத்தான் அது தொங்கும், வேறு மாதிரித் தொங்க அதற்குத் தெரியாது. மூன்று மாதமாகச் சாய்ந்த கதவு நிலையைப் பார்த்து நேரான படத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தது நான். அது விளங்கின அந்த நிமிடத்தில், மேலே கோப்பைகள் ஆறும் கிடுகிடுத்தன. "வெளிய வாங்க" என்றாள் பூமணி. கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

வெளியே வந்தவன், அவள் திட்டத் திட்ட மறுபடி உள்ளே போய், ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தேன். பெக்டரியில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த தலைமைப் பிட்டர் முதல் நாளே சொன்னது, மிஷினை மட்டம் பார், தரையோடு நமக்கு வேலை இல்லை என்று. கொழுந்து உருட்டும் ரோலர் ஓடுகிற அதிர்வில் மிஷின்கள் வாரா வாரம் மட்டம் தப்பும், நாங்கள் வாரா வாரம் தகடு வைப்போம். தரையைத் தோண்டிப் பார்த்தால் வேலை நிற்கும், பெரிய துரை கத்துவார். அதனால் நாற்பது வருடம் தகடு வைத்தே பழகின கை இது. அந்த ரசமட்டம் அன்றுதான் முதல் தடவை தரையைப் பார்த்தது. குமிழி மேட்டுப் பக்கம் ஓடிப் போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. ரசமட்டத்தைத் தலைமாற்றி வைத்துப் பார்த்தேன். மறுபடி அதே பக்கம்தான் போனது. பூமணி அதற்குள் வீட்டுக்குப் பின்னால் தேயிலைக்குள் ஏறிவிட்டாள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நிரைக்கு நடுவில் மண் வாய் பிளந்து, மலையைக் குறுக்காக அறுத்துக்கொண்டு பனிக்குள் போனது. அவள் கால் உள்ளே போகும் அகலம். தேயிலை வேர்கள் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இழுபட்டு விறைத்து நின்றன. குனிந்து காதை வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு மேலேதான் நான் தினமும் உட்கார்ந்து உன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன்.

பூமணி வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். கீழே இருந்த இரண்டு குடும்பமும் அன்று மத்தியானமே பள்ளிக்கூடத்துக்கு இறங்கின. அதில் ஒரு வீட்டில் கைப்பிள்ளை. கிராம சேவகரும் அதிகாரிகளும் வந்து, பிளவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குச்சி அடித்து, கயிறு கட்டி, யாரும் இருக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். "எப்ப இருந்து இப்படி இருக்கு ஐயா?" என்று ஒரு பொடியன் அதிகாரி கேட்டான். மூன்று மாதம் என்றேன். அவன் அதை எழுதி அடியில் கோடு போட்டான். கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தாய் பக்கத்தில்தான் நின்றாள். பிள்ளையின் தொப்பியைச் சரி செய்துகொண்டு இறங்கிப் போனாள்.

இனி எழுதப் போவதை உன்னிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. பாதையிலிருந்து வீட்டுக்கு ஏறும் படிகளில், நடுவில் ஒரு கல்லும் அதற்கு மேலே இன்னொரு கல்லும் உட்கார வாகாகக் கிடக்குமே, அவற்றை நான்தான் உருட்டிப் போட்டேன். நீ வந்துவிட்டுப் போன பிறகு, அம்மா ஏறி வரும்போது படி திரும்பும் வளைவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "என்னா?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பாள். சரி, உட்கார்ந்து வரட்டும் என்று ஒரு கல்லைப் போட்டேன். அடுத்த மாதம் அந்தக் கல் வரைக்கும் ஏறவே அவளால் முடியவில்லை, கீழே இன்னொன்றைப் போட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு. பொண்டாட்டிக்குப் பார்த்துப் பார்த்துச் செய்கிறேனாம். பதுளை ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஏன் மூச்சு வாங்குகிறது என்று ஒரு டொக்டரிடம் நான் கூட்டிப் போகவில்லை. கீழ்க்கல்லில் உட்கார்ந்தபடிதான் அவள் போனாள். கொழுந்துக் கூடை இறக்கிவைத்தவள் போல இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். நீ கேட்டபோது, திடீரென்று வந்துவிட்டது தம்பி என்று சொன்னேன். திடீரென்று எதுவும் வரவில்லை. நான் முட்டுக் கொடுத்துக் கொடுத்துத் தாமதப்படுத்தினேன், அவ்வளவுதான். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. உன் கையும் என் கைதான், பழக்கமும் அப்படியேதான் வரும், அந்தப் பயத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் கிராம சேவகரிடம் கேட்டுக்கொண்டு, பத்து நிமிடத்தில் வந்துவிடுவதாகச் சொல்லி, அம்மா படத்தையும் மிஷினையும் எடுக்கப் போனேன். பூமணி கயிற்றுக்கு வெளியே நின்று உரக்க எண்ணிக்கொண்டிருந்தாள். வீடு நிற்கிறது, தம்பி. புதுப் பெயின்ட்டோடு, ஜன்னல் சீலைகளோடு, உன் கல்யாணத்துக்குக் காத்திருப்பது போல நிற்கிறது. அதுதான் பயங்கரம். விழுந்திருந்தால் பார்த்துவிட்டு வந்திருப்பேன். கதவெல்லாம் ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே நடந்தால் யாரோ முதுகில் கை வைத்துப் பள்ளத்துப் பக்கம் மெதுவாகத் தள்ளுவது மாதிரி இருந்தது. கரண்ட்டை எப்போதோ வெட்டிவிட்டார்கள். மிஷினுக்குக் கீழே அன்று வைத்த இரண்டு கோப்பையும், வெளியே வரும்போது என் கை தட்டிக் கவிழ்ந்தவை, நிமிர்ந்து நின்றன. வலது கோப்பை காய்ந்திருந்தது. இடது கோப்பை விளிம்பு வரைக்கும் செந்தண்ணீர். தொட்டியில் மிச்சம் இருந்தது கசிந்திருக்கும் என்பாய், நீ மிஷின் தெரிந்தவன். நானும் அப்படித்தான் நினைத்துத் தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அது குறையாமல் நிறைந்திருந்தது, தண்ணீர் தெளிந்தும் இருந்தது. கோப்பைகளை நிமிர்த்தி வைத்த ஞாபகம் எனக்கு இல்லை. கூரை ஒழுகியிருக்கலாம், நானே நிமிர்த்திவிட்டு மறந்திருக்கலாம். பூமணியிடம் இதைச் சொல்லவில்லை. போட்டோ எடுக்கும்போது படிப்பாள், படிக்கட்டும். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, படத்தையும் மிஷினையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வீட்டில் நிரோஷா வலது காலை எடுத்து வைக்க வேண்டும் என்று நீ எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். லயத்தில் பிறந்தவன், சொந்த வாசலில் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு ஏற வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு? நானும் அதற்காகத்தான் அட்டை வைத்து அட்டை வைத்து நாளைக் கடத்தினேன். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். தை முகூர்த்தம் மாற வேண்டாம், கோயிலும் மாற வேண்டாம். கோயிலிலிருந்து நேரே இங்கே சித்தி வீட்டுக்கு வாருங்கள். வாசல் சின்னதுதான், ரயில் போனால் ஜன்னல் அதிரும், ஆனால் அது ரயில் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். நிரோஷாவிடம் நீயே சொல், மாமா பொய் சொன்னார் என்றும் சேர்த்துச் சொல். பிறகு ஒன்று. அவளும் உன் அம்மா மாதிரிக் கேட்காத பிள்ளையாக இருந்தால், வளைவில் உட்காரும்போது கல்லைத் தேடி ஓடாதே. பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேள். ஒண்ணுமில்ல என்றால் எழுந்துவிடாமல் இன்னொரு தடவை கேள்.

மிஷினைச் சித்தியின் சமையலறை மேசையில் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை முதலில் தரையில் ரசமட்டம் வைத்தேன், பிறகு மேசையில், அதற்குப் பிறகுதான் மிஷினில். மூன்றிலும் குமிழி நடுவில் நின்றது. சல்லடையைக் கழுவி, நீ சொன்ன மாதிரி காற்றை எடுத்துவிட்டு ஓட்டினேன். டவுன் குழாய்த் தண்ணீர் தெளிவாக வந்தது. படத்துக்கு நேரே, மூக்குகளுக்குக் கீழே இரண்டு கோப்பை வைத்தேன். இரண்டிலும் சமமாக விழுந்தது, தம்பி. ஒரு நூல்கூடக் கூடவில்லை, ஒரு நூல்கூடக் குறையவில்லை. நல்ல பிட்டர் சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. பூமணி வந்து அடுப்பை அணைத்துவிட்டு பக்கத்தில் நின்றாள்.

மறுநாள் காலை சட்டைப் பையில் உன் கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடந்தது, ஓரத்தில் செம்மண் ஒட்டியது. அதை மடித்து மிஷினின் வலது காலுக்குக் கீழே வைத்தேன், இடது கோப்பையில் கொஞ்சம் கூடுதலாக விழட்டும் என்று. நீ வந்ததும், பழக்கதோஷத்தில், மிஷின் சாய்ந்திருக்கிறதே என்று நிமிர்த்தப் போவாய். நிமிர்த்தாதே. தரையை மட்டம் பார்த்த பிறகு வைத்த அட்டை அது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கொடுக்கிறேன்.

அப்பா